ஒற்றைச் சுவர் பங்களா

நான் கண்ணால் பார்த்திராத ஒரு பங்களாவைப் பற்றிப் பதினான்கு பக்கம் அறிக்கை எழுதி, அதைத் தட்டச்சு செய்வித்து, கப்பலேற்றி மெயின்லேண்டுக்கு அனுப்பியவன் நான். ஊரிலிருக்கும் என் மைத்துனர்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். என்னைப் பற்றி அவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

இந்தத் தீவுக்கு, போர்ட் பிளேயருக்கு, வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப்பட்டது, மனிதர்கள் டிபன் பாக்ஸோடு கடல் கடப்பதுதான். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் கடல் கடக்க வேண்டுமென்றால் அது ஜாதகத்தில் எழுதியிருக்க வேண்டும். மாலை போட்டு, அழுது, அனுப்பி வைப்பார்கள். இங்கே ஒரு கட்டுக் கீரை மலிவாகக் கிடைக்கிறதென்று கடல் கடக்கிறார்கள். நானும் வாரத்தில் மூன்று நாள் நான் குடியிருந்த பத்துபஸ்தியிலிருந்து கிளம்பி, சாத்தம் ஜெட்டிப் படகுத்துறையில் ஃபெர்ரி பிடித்து, அக்கரையில், பாம்பூஃப்ளாட்டில் இறங்கி, குடியேறிகளின் மனுக்களை வாங்கி வரும் சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தேன். அந்த ஃபெர்ரியிலிருந்து பார்த்தால் பச்சை மலையின் மேல், மரங்களுக்கு நடுவே, வெள்ளையாக ஒன்று தெரியும். டிக்கெட் கிழிக்கிறவரிடம் அது என்னவென்று கேட்டேன். "துரை பங்களா, சாப்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தை நானே கட்டிக்கொண்டேன். தூண்களை நிறுத்தினேன், வராந்தா போட்டேன், நடனக்கூடத்தில் மெழுகுவர்த்தி கூட ஏற்றினேன்.

இதற்கு என் பிறப்பிடமும் ஒரு காரணம். எங்கள் தெருவில் துணி துவைக்கும் கல்லிலேயே கல்வெட்டு உண்டு. ஏதோ ஓர் அரசன் யாருக்கோ நிலம் கொடுத்த விவரத்தின் மேல்தான் என் பள்ளிச் சட்டைகள் அடித்துத் துவைக்கப்பட்டன. ஒருவரும் அதைப் படித்ததில்லை. நுரை வழுக்காமல் இருக்கிறது என்பதுதான் அந்த எழுத்தின் பெருமை. அப்படிப்பட்ட ஊரிலிருந்து, என் கைக்கடிகாரத்தை விட வயதான வீடு அபூர்வமாக இருக்கும் குடியேற்றங்களுக்கு வந்து சேர்ந்ததும் எனக்குப் பழமைப் பசி எடுத்துவிட்டது. சாப்பாடு இருக்கும் வரை பசி தெரிவதில்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மலைக் குடியேற்றங்களில் பாரம்பரியச் சின்னம் ஏதேனும் இருந்தால், அதை வைத்து அங்குள்ளவர்களின் பிழைப்பை உயர்த்த யோசனைகள் வரவேற்கப்படும் என்று. நான் உடனே பதினான்கு பக்கம் எழுதினேன். கடலைப் பார்த்த வெள்ளை முகப்பு, நடனக்கூடத்தின் சுவர் என்றெல்லாம் எழுதினேன். ஆபீசில் இன்னொரு மேஜையில் வேறொரு காகிதமும் இருந்தது எனக்குத் தெரியும். மலைக்குத் தண்ணீரும் பாதையும் கொண்டு போவது வீண் செலவு, ஆகவே மேலே இருக்கும் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களையும் சிப்பிகாட் பக்கம் சமவெளிக்கு மாற்றிவிடலாம் என்பது அது. முடிவு செய்ய மெயின்லேண்டிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்றார்கள். அவர் வருவதற்கு முந்தின நாள்தான், எதையும் நேரில் பார்த்துவிடுவது நல்லது என்று எனக்குத் தோன்றியது.

மலையேறி மூச்சு வாங்க நின்றபோது எதிரே ஒரே ஒரு சுவர் நின்றது. உயரமான, பளிச்சென்று வெள்ளையடித்த சுவர். அதன் பின்னால் பாக்குத்தோட்டம். தோட்டத்திலிருந்து மரிய புஷ்பம் வந்தாள். தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. அவள் புருஷன் சூசை மீன் பிடிக்கிறவன். கடல்காரனுக்கு மலையில் நிலம் ஒதுக்கியது எங்கள் ஆபீஸ்தான். அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

"என்ன சார் தேடுதிய?" என்றாள்.

"பங்களா எங்கேம்மா?"

"இந்தா நிக்குல்லா."

"இது சுவர். மீதி?"

"மீதியா," என்று சிரித்தாள். "வாங்க, காட்டுதேன். ஒரு இடத்துல இருந்தா ஒரு நிமிசத்துல பாத்துரலாம். இது வீட்டுக்கு வீடு இருக்கு."

அப்படித்தான் இருந்தது. துரையின் மாடிக் கைப்பிடிக் கம்பி அவள் ஆட்டுக்கொட்டிலுக்குக் கதவாக இருந்தது. சலவைக்கல் பலகையில் அவள் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டு ஹரிபாதோ, கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர், மலைக்கே தாதா, அதாவது அண்ணன், செதுக்குவேலைக் கதவைப் படுக்கப் போட்டுக் கட்டிலாக்கியிருந்தார். துரை குளித்த பீங்கான் தொட்டியில் அவருடைய வாத்துகள் நீந்தின. இந்த மலைக்கு முதலில் வந்து, பங்களாவை முழுசாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். பார்த்ததோடு நிற்கவில்லை என்பது தெரிந்தது.

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் இரவோடு இரவாகத் திரும்ப அடுக்கிவிட முடியுமா என்று கேட்டேன். ஹரிபாதோ என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாத்துகளுக்குத் தவிடு போடப் போய்விட்டார். அப்போதுதான் சிப்பிகாட் காகிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று. மரிய புஷ்பம் கத்தியைக் கீழே வைத்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏழு வருசமா குடம் குடமா கீழேர்ந்து தண்ணி சுமந்து ஊத்துனது சார் இந்தப் பாக்குமரம். இந்த வருசந்தான் பாளை விட்டிருக்கு. இப்பமா எறங்கச் சொல்லுதிய?"

பதினான்கு பக்கத்தில் பாக்குமரம் வரவே இல்லை.

மறுபடி கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு அவளே சொன்னாள். "பெரிய சாப் பங்களா பாக்கத்தான வாராரு? எனக்குக் காட்டுனாப்புல வீடு வீடா கூட்டிட்டுப் போவோம். ஒவ்வொரு வீட்லயும் ஒரு வாய் ஏதாச்சும் குடுப்போம். ஆள் எங்க ஓடிரப் போறாரு?"

மறுநாள் அதிகாரி வந்தார். கனத்த பஞ்சாபி மனிதர். ஜெட்டியிலேயே என் அறிக்கையைப் புகழ்ந்தார். "சார், பங்களா கொஞ்சம் பரவியிருக்கிறது," என்றேன். பரந்த பங்களா என்று எடுத்துக்கொண்டு அவர் மகிழ்ந்தார்.

மேலே வந்து சுவரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் பென்ஷன் கனவுகளில் பார்க்கிறேன். அதற்குள் மரிய புஷ்பம் "ஆயியே சாப்" என்று அவரை வீட்டுக்குள் அழைத்துப் போய்விட்டாள். சலவைக்கல்லைத் தொட்டுப் பார்த்து, இது எந்தக் காலத்தது என்று இந்தியில் கேட்டார். அதன் மேல் கிடந்த சீலாமீனைப் பற்றிக் கேட்பதாக அவள் நினைத்தாள். "ஆஜ் சுபஹ் கா, சாப். ஏக்தம் தாஜா," என்றாள். இன்று காலையில் பிடித்ததாம். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, வறுத்தபின் அது ஒப்புக்கொள்ளத்தக்க காலமே என்பதுபோல் மூன்று துண்டு சாப்பிட்டார்.

ஹரிபாதோ வீட்டில் கட்டில் கதவின் மேல் உட்கார்ந்து வாத்து முட்டை. அடுத்த வீட்டில், துரையின் கணப்படுப்பில் தேநீர். ஒவ்வொரு வீட்டிலும் அவர் எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று கேட்டார். ஒவ்வொருவரும் அடுத்தவர் எடுத்ததை மட்டும் துல்லியமாகச் சொன்னார்கள். நான்காவது வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

கடைசியில் மரிய புஷ்பம் அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்ப் பாளையைக் காட்டினாள். "ஹம் நீச்சே ஜாயேகா, சாப். யே பேட் நஹி ஜாயேகா." நாங்கள் இறங்கிவிடுவோம், இந்த மரம் இறங்காது. இலக்கணம் பார்த்தால் அந்த இந்திக்குத் தேர்வில் பூஜ்யம்தான். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார். சுவர் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அதற்குப் பக்கத்தில் நின்ற சூசை பதில் சொன்னான், நான் மொழிபெயர்த்தேன்.

"கடலுக்குள்ள போனா கரையில ஒரு அடையாளம் வேணும் சார். ஊர்ல எங்களுக்குக் கோயில் கோபுரம். இங்க என்ன இருக்கு? இவ கிறிஸ்மசுக்குக் கிறிஸ்மஸ் சிப்பி சுட்டு சுண்ணாம்பாக்கி வெள்ளையடிச்சு வச்சிருக்கா. தூரத்துலேர்ந்து கண்ணைச் சுருக்கிப் பாத்தா எங்க மாதா கோயில் மாதிரியே இருக்கும்."

மழைக்காலம் முடிந்ததும் தண்ணீர்க் குழாயும் படிக்கட்டும் வந்தன. இறங்கும்போது அதிகாரிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டதால்தான் படிக்கட்டு என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள், பொறாமை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போர்ட் பிளேயரிலிருந்து குடும்பம் குடும்பமாக மலையேறுகிறார்கள். பங்களாவை வீடு வீடாகப் பார்த்து, வீடு வீடாகச் சாப்பிட்டு, மாலை ஃபெர்ரியில் திரும்புகிறார்கள். சலவைக்கல்லில் மீன் நறுக்குவது நிற்கவில்லை. என் ஊர்த் துவைக்கல்லை நினைத்துக்கொள்கிறேன். சில எழுத்துகளைப் படிக்காமல் புழங்குவதும் ஒருவகைப் பாதுகாப்புத்தான் போலும்.

போன வருஷம் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். வயல்களுக்கு நடுவே பஸ் போகிறது, தூரத்தில் கோபுரம் தெரிகிறது. நான் செய்தது என்ன தெரியுமா? கரை வந்துவிட்டதென்று எழுந்து, டிபன் பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்து பாம்பூஃப்ளாட் ஃபெர்ரியில் ஏறியபோது மலைமேல் அந்த வெள்ளைச் சுவர் தெரிந்தது. எங்கள் கோபுரம் தெரிந்ததும் செய்தது போலவே டிபன் பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் பாக்குக் கூடையோடு மரிய புஷ்பம் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் சொன்னேன். சூசைக்கு அது மாதா கோயில், எனக்குப் பெரிய கோபுரம், இரண்டு ஊர்களையும் ஒரு சுவர் தாங்குகிறது பார் என்றேன். மற்றதெல்லாம் போயும் அது மட்டும் நிற்பதில் ஏதோ அர்த்தம் இருக்கிறது என்றும் சொன்னேன்.

கூடையைச் சரிசெய்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஹரிபாதோ தாதாட்ட கேளுங்க சார். அது துரையோட கக்கூஸ் சுவரு. அதான் அந்தக் கல்லை மட்டும் யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகல."