பருப்பு டப்பாவில் மூன்று பிளக்

ஒரு மோட்டார் வாகனத்தின் எஞ்சினை எடுத்துவிட்டு வேறு எஞ்சினை வைப்பதென்றால், பதிவு அதிகாரியின் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் பெற வேண்டும் என்பது விதி. நான் திருச்சுழி தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விதியைப் பற்றி நினைக்காமலே காரியத்தை முடித்துவிடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வராது, பொறாமைதான் வரும்.

என் கண்புரை ஆபரேஷன் முடிந்த கையோடு மகள் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போனோம். இரண்டு மழைக்காலம் கழித்துத்தான் அருப்புக்கோட்டைக்குத் திரும்பினோம். வேப்பமரத்தடியில் நின்ற காருக்குப் புது பேட்டரி போட்டுச் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்றது. அதற்கு மேல் பேச மறுத்துவிட்டது.

பங்குனி உத்திரத்துக்கு ஒன்றரை மாதம் இருந்தது. எங்கள் குலசாமி கோயில் திருச்சுழி தாண்டி, கருவேலங்காட்டுக்குள் இருக்கிறது. முந்தின வருடம் உத்திரத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்தே வந்து, பஸ்ஸில் போய் இறங்கி நடந்துகொண்டிருந்தபோது, என் தம்பி மனைவி புதுக் காரின் கண்ணாடியை இறக்கினாள். "அக்கா, பஸ்ஸுலயா வாரீக? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க ஏத்திட்டு வந்திருப்போம்ல!" சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். கதவைத் திறக்கவில்லை.

அந்தக் கார் கிளப்பிய புழுதியை என் மனைவி இன்னும் தட்டிவிடவில்லை. "இந்த உத்திரத்துக்கு நம்ம காருலதான் போறோம். கெளம்பலையா, மறுநா பழைய இரும்புக்காரன வரச் சொல்லிருவேன்" என்றாள். இரும்புக்காரர் ஏற்கெனவே பெண் பார்க்க வந்தவரைப் போல இரண்டு முறை வந்து, எதுவும் கேட்காமல் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

பாளையம்பட்டியிலிருந்து மெக்கானிக் பாயை அழைத்து வந்தேன். சவூதியில் பதினைந்து வருடம் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். அதை அவர் சொல்லித் தெரிந்துகொள்ள இரண்டு நிமிடம்கூட ஆகாது. பானட்டைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"சார், ஸ்பார்க் பிளக்கெல்லாம் எங்க?"

"எஞ்சின்லதான் இருக்கும்."

"எஞ்சின்ல துணில்ல இருக்கு. மூக்குல பஞ்சு வச்ச மாதிரி."

மூன்று பிளக் துளைகளிலும் பழைய வேட்டித் துணி. என் மனைவி உள்ளே போய்த் துவரம்பருப்பு டப்பாவோடு வந்தாள். அடியில் பொட்டலமாக மூன்று பிளக்குகள். முத்திரை வைக்காததுதான் குறை.

"டாக்டர் ஓட்டக் கூடாதுன்னும் ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே சாவிய எடுத்தீகள்ல? அதான் பக்கத்து வீட்டு டிரைவர் தம்பிய வச்சுக் கழட்டிட்டேன். மணல் லாரியப் புடிச்சா, ஓட்டிட்டுப் போயிராம ஏதாச்சும் ஒரு பாகத்தக் கழட்டி வச்சுருவோம்னு நீங்கதான பெருமையாச் சொல்வீக."

நடைமுறையில் ஒரு பிழையும் இல்லை. பறிமுதல் செய்ததை உரிமையாளருக்குத் தெரிவிக்கவில்லை என்று வேண்டுமானால் மேல்முறையீடு செய்யலாம். எங்கே செய்வது?

மழைக்கு ஏங்கிக் கிடக்கும் ஊர் இது. நாங்கள் இல்லாத அந்த இரண்டு வருடமும் கண்மாய் மறுகால் பாய்ந்ததாம். பானட் இடுக்கில் இறங்கிய தண்ணீரைத் துணி பொறுப்பாக உறிஞ்சி, சொட்டுச் சொட்டாக சிலிண்டருக்குள் அனுப்பியிருக்கிறது. சுவரெல்லாம் துரு. பிஸ்டன் மூன்றும் கவ்விக்கொண்டு நின்றன.

"மதுரையில செகண்ட் ஹேண்ட் எஞ்சினு ஒண்ணு இருக்கு. ரெண்டே நாள், மாட்டிரலாம்" என்றார் பாய்.

"அனுமதி வாங்கணும்."

"யாருட்ட?"

சொன்னேன். பாய் என் மனைவியைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள்.

பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் எழுதி, பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டு அனுப்பினேன். அதற்கும் இல்லை. இதே மாதிரி எத்தனை மனுக்களை 'பரிசீலனையில் உள்ளது' என்று நானே தூங்க வைத்திருக்கிறேன்! என் மனுவுக்குத் தாலாட்டுப் பாடுகிறவர் யாரோ, நல்ல தேர்ச்சி பெற்றவர்.

காத்திருந்த நாட்களில் பாய் சும்மா இருக்கவில்லை. டீசலையும் கியர் ஆயிலையும் கலந்து ஒவ்வொரு துளையிலும் ஊற்றினார். தினமும் காலையில் எஞ்சினைச் சுற்றும் போல்ட்டில் நீளமான ஸ்பானரைப் போட்டு லேசாக அசைத்துப் பார்க்கச் சொன்னார். "பலத்தக் காட்டுனீக, பிஸ்டன் ஒடஞ்சிரும்." நான் அசைத்தால் அது அசையவில்லை. ஒரு காலை வாசல் தெளிக்க வந்த என் மனைவி, வாளியை வைத்துவிட்டு ஸ்பானரைப் பிடித்தாள். ஒரு விரற்கடை நகர்ந்தது.

"ஏங்க! அசையுதுங்க!"

பறிமுதல் செய்தவரே விடுவித்தார். அன்றிலிருந்து இரும்புக்காரர் பெயர் வீட்டில் அடிபடவில்லை.

அதன்பின் எஞ்சினை இறக்கிப் பிரித்தார்கள். டிரில் மெஷினில் தேய்ப்புக் கல்லை மாட்டி, எண்ணெய் விட்டு, சிலிண்டருக்குள் மேலும் கீழுமாக ஓட்டினார் பாய். இரண்டு சிலிண்டர் கண்ணாடியாக வந்தன. மூன்றாவதில் துரு தின்ற குழிகள், அம்மைத் தழும்பு மாதிரி.

"இதப் பெருசாக் கடைஞ்சு பெரிய பிஸ்டன் போடணும். ஆர்டர் போட்டா உத்திரம் முடிஞ்சுதான் வரும். புது ரிங்கு போட்டு ஓட்டுவோம். கொஞ்சம் ஆயில் குடிக்கும், கொஞ்சம் பொகையும். மத்தபடி தங்கம். சவூதியில..."

"எஞ்சின் நம்பர் மாறாதுல்ல?"

"அதே எஞ்சினு, அதே நம்பரு. ஒங்க ஆபீசருக்கு ஒரு வேலையும் வைக்கல சார்."

உத்திரத்துக்கு முந்தின நாள் வண்டி கிளம்பியது. மறுநாள் திருச்சுழி சாலையில் எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் எங்களை முந்திப் போனார்கள். புகையில் வேறு வழியில்லை. கோயில் வாசலில் நிறுத்தியபோது நீலப் புகை கருவேலங்காட்டின் மேல் எழும்பிப் பரவியது. தம்பி மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா, வண்டி இப்பிடிப் பொகையுது?"

"சாமிக்கு சாம்பிராணி போட வேண்டாமா?" என்று என் மனைவி இறங்கினாள். "திரும்பும்போது பஸ்ஸுக்கு நிக்காத. ஒரு வார்த்த சொல்லு, ஏத்திக்கிறேன்."

சொந்தக் கார் பக்கத்திலேயே நிற்க, அவள் மூக்கை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

வீடு திரும்பும்வரை என் மனைவி கண்ணாடியை ஏற்றவே இல்லை. பாதிப் புகை உள்ளே வந்தது. இருவரும் இருமிக்கொண்டே வந்தோம்.

மறுநாள் தபால்காரர் ஓர் உறை கொடுத்தார். பழைய எஞ்சின் பழுது பார்க்கவே முடியாத நிலையில் உள்ளது என்று மெக்கானிக்கிடம் சான்று பெற்று இணைக்கும்படி மனு திருப்பப்பட்டிருந்தது. போனில் படித்துக் காட்டினேன். "தாராளமாத் தாரேன் சார்" என்றார் பாய். "அதுக்கு முன்னால வண்டியக் கொண்டாங்க, ஆயில் ஊத்தணும்."

உறையின் மூலையில் பழக்கதோஷத்தில் எழுதி வைத்தேன்: பதில் கிடைத்தது, பங்குனி உத்திரத்துக்கு மறுநாள்.