விசிலின் ஜன்னல்

நான் ஓட்டிய பேருந்தில் கண்டக்டராக இருந்தவனை டிப்போவில் விசில் என்றுதான் கூப்பிடுவோம். அவன் ஊதினால் பின்னால் வருகிற லாரிக்காரனும் பிரேக்கில் கால் வைப்பான். படியில் தொங்குகிறவர்களை, "உள்ள வாப்பா, வீட்ல தேடுவாங்க" என்று பேசியே உள்ளே இழுத்துவிடுவான். கூட்டமில்லாத டிரிப் அவனுக்கு ஆகாது.

இடுப்பு முறிந்து படுக்கையில் விழுந்தான். முதுகில் புண் வைத்து நாறியது. ஞாயிறுதோறும் சீட்டாட வரும் டிப்போ ஆட்கள் மூக்கைத் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, அவன் மனைவி வாசனை மெழுகுவர்த்திகளை வாங்கி வந்தாள். சுடர் அணையாமலிருக்க ஜன்னலைச் சாத்தினாள்.

"போய்ச் சேருறதுக்கு முன்னாடியே ஏத்திட்டா பாருடா" என்று விசில் சிரித்தான். ஆட்களும் சிரித்தார்கள். ஆட்டம் களை கட்டியது.

பிறகு இருமல் பிடித்தது. மூச்சு இழுத்தது. புண்ணுக்குக் கட்டுப் போட வந்த நர்ஸ் அறைக்குள் நுழைந்ததுமே சத்தம் போட்டாள்.

"மூடின ரூம்ல நாள் பூரா இத எரிச்சா, புகை எங்கம்மா போகும்? இவர் நெஞ்சுக்குள்ளதான். முதல்ல ஜன்னலத் தொறங்க."

"புகையே காணோமே, வாசம்தானே வருது?" என்றாள் அவன் மனைவி.

நான் ஸ்டூலில் ஏறி டியூப்லைட்டின் மேல் விரலை ஓட்டிக் காட்டினேன். சைலன்சருக்குள் விட்டு எடுத்ததுபோல் விரல் கறுத்திருந்தது. அவள் மெழுகுவர்த்திகளை ஊதி அணைத்தாள்.

ஜன்னல் திறந்தது. இருமல் குறைந்தது. நாற்றம் திரும்ப வந்தது. ஆட்களில் ஒருவனுக்கு டியூட்டி மாறியது, ஒருவனுக்கு முட்டி வலித்தது, மற்றவர்கள் காரணம்கூடச் சொல்லவில்லை. கடைசியில் நான் மட்டும்தான் போய்க்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை விசில் மனைவியிடம் சொன்னான்: "அந்த மெழுகுவர்த்திய ஏத்துடி. ஏத்தியாச்சுன்னு எல்லாருக்கும் போன் போடு."

"மாட்டேங்க. மூச்சு முக்கியமில்லையா?"

"மூச்ச வச்சுக்கிட்டு யார்கிட்டடி பேச?"

எனக்குக் கோபம் வந்தது. "ஏன்டா, நான் ஒருத்தன் உக்காந்திருக்கேனே, ஆளாத் தெரியலையா?"

"நீ டிரைவர்டா. ரோட்டப் பாத்தே பழகினவன். என்னச் சுத்தி ஜனம் நிக்கணும்."

அவள் போன் போட்டாள். நாலு பேர் வருவதாகச் சொன்னார்கள். ஜன்னல் திறந்திருக்கும்போதே ஒன்றை ஏற்றினாள். காற்றில் சுடர் சாய்ந்து அணைந்தது. கையால் மறைத்துக்கொண்டு மறுபடி ஏற்றினாள். அதுவும் நிற்கவில்லை.

"என்ன பண்ணட்டும் அண்ணே?" என்று என்னைப் பார்த்தாள்.

நான் விசிலைப் பார்த்தேன். அவளே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

விசில் இருமிக்கொண்டே சீட்டைக் குலுக்கி ஆறு பேருக்கும் போட ஆரம்பித்தான். இன்னும் ஒருவரும் வந்திருக்கவில்லை.