கையில் பால்கேன் இல்லாத கிழவிகள்

கேரள எல்லையோரக் காரோடு ஊர் நூலகத்தின் ஆண்டுவிழா நாடகத்தில் கிழவி வேஷம் என்று ஒன்று இருந்துவிட்டால் அது ரத்னபாய்க்குத்தான். பத்தொன்பது வயதில் தொடங்கியது. நாயகி வேஷத்துக்கு நாலு பெண்கள் முண்டியடித்து நிற்க, தலையில் மாவு பூசிக்கொள்ள மட்டும் ஆள் இல்லை. தையல்காரி ரத்னபாய்க்குக் குரல் கொஞ்சம் கரகரப்பு. "நீ மதி மக்கா, வேற ஆள் வேண்டாம்" என்றார் நாடகம் போடும் பொன்னுதாஸ். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டாள். இப்போது வயது அறுபத்தொன்று. தலைக்கு மாவு தேவையில்லை என்பது ஒன்றே நாற்பத்திரண்டு வருடத்தில் வந்த மாற்றம்.

பொன்னுதாஸ் ஆரியங்கோட்டுக்காரர். கொஞ்சம் ரப்பர் தோட்டமும் நிறைய நாடகப் பைத்தியமும் உள்ளவர். மலையாளத்தில் கிடைக்கும் பிறநாட்டுக் கதைகளையெல்லாம் தேடிப் படித்து, வருடத்துக்கு ஒன்றாக நாடகமாக்குவார். நாடகம் மலையாளத்தில் நடக்கும். ஒத்திகையில் அவர் திட்டுவது மட்டும் ஊர்ப்பேச்சில். அவர் புண்ணியத்தில் ரத்னபாய் ரஷ்யாவில் கஞ்சக் கிழவியாகவும், ஆப்பிரிக்காவில் மழையைக் கூப்பிடும் கிழவியாகவும், ஸ்பெயினில் ஐந்து மருமகள்களை ஆட்டிவைக்கும் மாமியாராகவும் வாழ்ந்து முடித்துவிட்டாள். எந்தக் கண்டத்துக்குப் போனாலும் கிழவிக்கு வேலை மூன்றுதான். சபிக்க வேண்டும், ஆசீர்வதிக்க வேண்டும், கடைசிக் காட்சியில் சாக வேண்டும். கதை எழுதிய மகான்கள் அதற்குமேல் அவளுக்கு ஒரு சோலியும் வைக்கவில்லை.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. அத்தனை தேசத்துக் கிழவிகளும் ஒரே நடைதான் நடந்தார்கள். வலக்கையில் கம்பு, வலக்காலில் ஓர் இழுப்பு, இடத்தோள் இறங்கி, முதுகு கூனி. அந்த நடையோடு ரத்னபாய் மேடைக்கு வந்தாலே சனம் சிரித்துக் கைதட்டும்.

அது கிருஷ்ணம்மாவின் நடை.

கிருஷ்ணம்மா ரத்னபாயின் தெருவில் பசு வளர்த்து ஜீவித்தவள். காலை ஆறரைக்குப் பால் சொசைட்டிக்குப் போகும்போது ரத்னபாயின் தையல் மெஷின் கிடக்கும் ஜன்னலைக் கடந்துதான் போக வேண்டும். முதல் நாடகத்துக்குக் கிழவி நடை எங்கே கிடைக்கும் என்று ரத்னபாய் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த வாரத்தில், அது ஜன்னலுக்கு வெளியே தானாக நடந்து போயிற்று. எடுத்துக்கொண்டாள். கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. நாடகம் நடப்பது கறவை நேரத்தில். கிருஷ்ணம்மா ஒரு வருடமும் வந்ததில்லை. அதனால் பயமும் இல்லை.

ஆறு வருடம் கழித்து ரத்னபாய்க்கு ஜீனா பிறந்தாள். எட்டாம் மாதத்திலேயே வந்துவிட்ட, உள்ளங்கையளவு பிள்ளை. புருஷன் வேதமணி வேலை தேடித் திருப்பூருக்குப் போயிருந்தான். தாய்க்கு முலைப்பால் சுரக்கவில்லை. நாலாம் நாள் காலையில் மதில்மேல் ஒரு செம்பு பால் இருந்தது. "நீ குடி. பிள்ளைக்கு தானே ஊறும்" என்று சொல்லிக்கொண்டே கிருஷ்ணம்மா நிற்காமல் போய்விட்டாள். ஒன்றரை வருடம், பெருமழையிலும்கூட, அந்தச் செம்பு மதில்மேல் இருந்தது. ஜீனா இன்று நெய்யாற்றின்கரையில் நர்ஸாக நிற்கிறாள். சபையில் ஒவ்வொரு வருடமும் ரத்னபாய் சாட்சி சொல்லும்போது அந்தச் செம்புக்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லாமல் உட்கார மாட்டாள். நடையைப் பற்றி மட்டும் மூச்சு விட்டதில்லை.

இந்த வருடம் வந்தது வினை. நூலகச் செயலாளர் ஷிபு நோட்டீஸோடு வந்தான். "கிருஷ்ணம்மா அம்மச்சிக்குப் பொன்னாட போடுதோம் மாமி. எண்பத்தஞ்சு வயசுல இப்பவும் மாசம் நாலு புஸ்தகம் எடுக்குதா. மாட்டெ எல்லாம் வித்தாச்சு இல்லியா, நாடகம் முழுக்க இருந்து பாப்பா. முன்வரிசையில நடு நாற்காலி."

ரத்னபாய் நோட்டீஸை இரண்டு தடவை படித்தாள். நாடகம் பனிநாட்டுக் கதை. சொத்துக்காகத் தாய் சாகக் காத்திருக்கும் பிள்ளைகள். கடைசியில் கிழவி பனியில் நடந்துபோய் விழுந்து சாகிறாள். முழு மேடையையும் கடக்கும் நடை. நடைக்குச் சொந்தக்காரி முன்னால் உட்கார்ந்திருக்க, ஊர் சிரிக்க, அதை எப்படி நடப்பது? ஒன்றரை வருடம் பால் கொடுத்த மனுஷியை ஊர் நடுவில் நொண்டியடித்துக் காட்டுவதா?

அன்று ஒத்திகையில் கூனாமல், இழுக்காமல் நடந்து பார்த்தாள். பொன்னுதாஸ் தலையில் அடித்துக்கொண்டார். "இது கிழவியா, இல்ல பஸ்ஸுக்கு ஓடுத டீச்சரா? நம்பும்படி நட மக்கா!"

அது அவளுடைய சொந்த நடை. அறுபத்தொரு வயதுக்காரியின் அசல் நடை. அதைத்தான் நம்ப முடியவில்லையாம்.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் கிருஷ்ணம்மா வீட்டுக்குப் போனாள். கிழவி வராந்தாவில் நூலகப் புத்தகமும் பூதக்கண்ணாடியுமாக இருந்தாள்.

"அக்கா, ஒரு காரியம் சொல்லணும். நான் நாடகத்துல நடக்குத நடை இருக்கில்லியா... அது உங்களுக்க நடையாக்கும். கேக்காம எடுத்தேன். மாப்பு தரணும்."

கிருஷ்ணம்மா கண்ணாடியை மடியில் வைத்தாள். "அது எனக்கு அப்பளே தெரியும் பிள்ளே. நீ முதல்ல ஆடின மறுநாளே சொசைட்டியில சொன்னாவ, ரத்னபாய் உன்னெப் போல நடந்து ஊரெ சிரிக்க வச்சாண்ணு."

ரத்னபாய்க்குக் கணக்கு உடனே ஓடியது. அப்படியானால் மதில்மேல் பால் வைத்தது இதெல்லாம் தெரிந்த பிறகுதான். நின்ற இடத்திலேயே கண் நிறைந்துவிட்டது.

"அழாத. எனக்கு அப்ப நாப்பத்துமூணு வயசாக்கும். அதுதான் கொஞ்சம் வெசனம். நாப்பத்துமூணுல என்னெக் கிழவி ஆக்கிப்போட்டியே!" கிருஷ்ணம்மா பொக்கைவாய் திறந்து சிரித்தாள். "செரி, நட பாப்போம்."

முற்றத்தில் ரத்னபாய் நடந்து காட்டினாள். கிருஷ்ணம்மா தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள்.

"கொள்ளாம், நல்லாத்தான் நடக்குதே. ஆனா கேன் எங்க?"

"எந்த கேன்?"

"எட்டு லிட்டர் பாலு இடக்கையில தூக்கினா தோளு இறங்காதா? அந்தக் கை ஒழிவில்லாததுனாலதான் கம்பு இந்தக் கையில. கூனும் கால் இழுப்பும் வயசுனால வந்ததுண்ணா நெனச்சே? பசு உதைச்ச முட்டுக்காலும், கேனுக்க கனமும் ஆக்கும் அது. நீ கம்பெ எடுத்தே, காலெ எடுத்தே, கேனெ மட்டும் விட்டுட்டியே மக்கா."

ரத்னபாய் தன் வெறும் இடக்கையைப் பார்த்தாள். தினமும் பார்த்த கேன்தான். கிழவியைத் தேடிய கண்ணுக்கு அது படவே இல்லை. ரஷ்யாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஸ்பெயினிலும் அவள் தூக்காமல் விட்டது அதைத்தான். கிருஷ்ணம்மா உள்ளே போய் நெளிந்த அலுமினியக் கேனைக் கொண்டுவந்து கொடுத்தாள். "கொண்டு போ. வெறுதே தூக்காத, வெள்ளம் நிறச்சுக்கோ."

விழா மாலை பொன்னுதாஸ் திரைக்குப் பின்னால் குதித்தார். "பனிநாட்டுக் கிழவிக்கு எதுக்கு பால்கேன்?"

"அங்க பசு இல்லியா அண்ணா?" என்றாள் ரத்னபாய்.

கடைசிக் காட்சி. மேடையெங்கும் இலவம்பஞ்சுப் பனி. ரத்னபாய் தண்ணீர் நிறைந்த கேனோடு வந்தாள். எட்டு லிட்டர் தோளை இழுத்தது. முதுகு தானாக வளைந்தது. கம்பு தானாகத் தரையைத் தேடியது. நாற்பத்திரண்டு வருடமாக நடித்த நடை அன்றுதான் முதல்முறையாக வலித்தது. சிரிக்கத் தயாராக இருந்த சனம் சிரிக்கவில்லை. தண்ணீர் தளும்பும் சத்தம்கூடக் கேட்டது. இந்தக் கனத்தோடு வந்துதான் இந்த மனுஷி என் மதிலில் செம்பை வைத்தாளா என்று நினைத்தபோது ரத்னபாய்க்கு அடுத்த வசனம் மறந்துபோயிற்று. மேடையின் நடுவில் நின்றுவிட்டாள்.

முன்வரிசையில் நடு நாற்காலியிலிருந்து கிருஷ்ணம்மா எழுந்தாள். தோளில் பொன்னாடை. இரண்டு தோளும் சமமாக, முதுகு நிமிர்ந்து, கேன் ஒழிந்த இடக்கையில் கம்பு. மேடையில் நடப்பது நாடகம் என்பதெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது போலிருந்தது.

"மதி மக்கா, மதி" என்று உரக்கச் சொன்னாள். "கை கடுக்கும். இனி கீழ வய்யி."

நாற்பது வருடத்தில் கிருஷ்ணம்மாவிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ரத்னபாயும் சொன்னதில்லை.

பொன்னுதாஸ் ஓரத்திலிருந்து விழு, விழு என்று கைகாட்டிக்கொண்டிருந்தார். ரத்னபாய் விழவில்லை. கேனைக் கீழே வைத்தாள். கம்பை அதன்மேல் சாய்த்தாள். நிமிர்ந்து நின்று கிருஷ்ணம்மாவைக் கும்பிட்டு, "வச்சாச்சு அக்கா" என்றாள்.