காற்றுக்கு மூச்சு வாங்காது

வகுப்பில் பாதி வரியில் மூச்சு நின்றதுதான் முதல் அறிகுறி. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். அன்று ரொமாண்டிக் கவிதைகள். காற்றை ஓர் ஆளாகவே நினைத்துக் கூப்பிடும் கவிதையை வாசித்துக்கொண்டிருந்தேன். வலது விலாவில் குத்தியது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ப்ளூரல் எஃப்யூஷன் (நுரையீரலைச் சுற்றிய உறைக்குள் நீர் கோத்துக்கொள்வது) என்றார் மருத்துவர். ஊசியால் நீரை எடுத்துப் பரிசோதித்தார்கள். காசநோய்.

"ஆறு மாசம் மாத்திரை. ஒரு நாள்கூட விடக்கூடாதுங்க. நல்லாயிடும்."

இதே மாத்திரைகளை நீங்களும் விழுங்கிக்கொண்டிருக்கலாம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்படாதீர்கள். குமட்டலைப் பற்றி மருத்துவர் சொன்னார். பொறாமையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வெளியே புங்கமரம் அசைந்தாலே எனக்கு எரிச்சல் வந்தது. காற்று பெருமூச்சு விடுகிறது என்று எத்தனை வருஷம் நடத்தியிருப்பேன்! காற்றுக்கு மூச்சு வாங்காது.

அதைவிடப் பொறாமை நூர்ஜஹான்மேல். நான் விடுப்பில் இருந்தபோது என் வகுப்பை எடுத்துக்கொண்ட தோழி. பிள்ளைகளைக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போய்ப் பாறைமேல் உட்காரவைத்து நடத்தினாளாம்.

"பசங்களுக்கு இன்னா குஷின்ற! ஏறிக்கினே கவிதை சொல்றாங்க."

எனக்குக் குளியலறை வரை போனாலே இரைத்தது.

பொழுது போகட்டும் என்று தேர்வுத் தாள்களைத் திருத்தக் கொடுத்துப் போனாள். மலைக்கிராமத்து மாணவி பொன்னி எழுதியிருந்தாள்: 'கவிஞர்கள் மலையைத் தாய் என்கிறார்கள். எங்களுக்கு அது பக்கத்து வீட்டுக்காரர். சில நாள் பேசாது, சில நாள் வழிவிடாது. இதையெல்லாம் எங்களிடம் முதலில் கேட்டது நூர்ஜஹான் மேடம்தான்.'

இரண்டு வருஷம் என் வகுப்பில் இருந்தவள். பத்துக்கு மூன்று போட்டேன். 'பாடத்துக்கு வெளியே' என்று சிவப்பு மையில் எழுதினேன்.

மறுவாரம் அந்தத் தாளோடு நூர்ஜஹான் வந்தாள். "அந்தப் பொண்ணு அழுவுது. இன்னா தப்புன்னு கேக்குது. நான் இன்னா சொல்றது?"

காபி கொண்டுவந்த என் கணவர் அப்படியே நின்றார்.

"அவ மேல தப்பில்ல," என்றேன். "நீ மலையேறிட்ட. என்னால முடியல. அதான்."

"நீ போட்டத நீயே மாத்து." காபியைத் தொடாமல் போய்விட்டாள்.

பொன்னியை வரச்சொல்லி, ஒன்பது என்று திருத்திக் கொடுத்தேன். பொறாமையில் செய்தேன் என்பதையும் சொன்னேன். "சரிங்க மேடம்" என்றாள், சிரிக்கவில்லை. நூர்ஜஹான் இரண்டு மாதம் வரவே இல்லை.

ஆறாம் மாதம் எக்ஸ்ரேயில் நீர் இல்லை. உறையில் சிறு தடிப்பு மட்டும். அந்த வருஷம் பிள்ளைகள் மறுபடி மலைக்குப் போனபோது நானும் போனேன். பத்து நிமிஷப் பாதையை முக்கால் மணி நேரமாக ஏறினேன். ஒவ்வொரு மூச்சும் வலது பக்கம் கொஞ்சம் பிடித்து, பிறகு விட்டது. அதுவரை காத்திருக்க உடம்பு கற்றுக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள்.

நூர்ஜஹான் முன்னால் சுலபமாக ஏறிக்கொண்டிருந்தாள். அப்போதும் எனக்குப் பொறாமைதான். நான் கூப்பிடவில்லை. வளைவில் அவளாகவே நின்றாள். திரும்பிப் பார்க்காமல், செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள், நான் வந்து சேரும்வரை.