உழுவை வந்தால் கயிற்றை விட்டுவிடுவேன்

என்னைக் கடலில் இறக்குவதற்கு அம்மா ஒரு நிபந்தனை வைத்தாள். என் இடுப்பில் கயிறு கட்ட வேண்டும். அதன் மறுமுனை அண்ணன் கையில் இருக்க வேண்டும். நான் மேலே வரும்வரை அவன் அதை விடக் கூடாது.

"குருசடியப் பாத்துச் சொல்லு, விடமாட்டேன்னு" என்றாள்.

அண்ணன் கரையில் சிலுவை நின்ற குருசடியைப் பார்த்தான். "விடமாட்டேன்" என்றான்.

கட்டுமரம் அலையைத் தாண்டி, கரைப்பேச்சு கேட்காத தூரம் வந்ததும் அவன் என் பக்கம் திரும்பினான்.

"எலே, இத நல்லா கேட்டுக்கோ. நீ கீழ கெடக்கும்போ உழுவை மீனு மரத்துக்குப் பக்கத்துல வந்துதுன்னா, நான் கயித்த விட்டுருவேன்."

"அம்மைக்கிட்ட விடமாட்டேன்னுல்லா சொன்ன?"

"அம்மைக்கு உழுவையப் பத்தி என்ன தெரியும்? கயிறு விறைப்பா இருந்து அதுக்க சிறகுல மாட்டுச்சுன்னா, அது ஒரு பக்கம் இழுக்கும், நான் ஒரு பக்கம் இழுப்பேன். ஒனக்க இடுப்பு ரெண்டாப் போவும். மரமும் கவுந்துரும். கயிறு தொய்வாக் கெடந்தா வழுகிப் போவும். புரிஞ்சுதா?"

புரிந்தது என்று தலையாட்டினேன். ஆசிரியப் பயிற்சியில் எதைச் சொன்னாலும் தலையாட்டிப் பழகியிருந்தேன்.

அப்போது எங்கள் ஜில்லா திருவிதாங்கூர் கொச்சியோடு இருந்தது. நான் பயிற்சி முடித்து எங்கள் ஊர்ப் பள்ளியிலேயே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வீட்டில் படித்த முதல் ஆள். அண்ணன் பத்து வயதிலேயே கடலுக்குப் போனவன். கடலடிப் பாறைகளில் மூழ்கிச் சிப்பி எடுப்பதுதான் அவன் தொழில். அந்தப் பாறைத் திட்டுகளைப் பார் என்போம். அவனுக்குக் கயிறெல்லாம் கிடையாது. இடுப்பில் ஒரு வலைப்பை, கையில் ஓர் இரும்புக் கம்பி, அவ்வளவுதான்.

நான் கடலுக்குள் போக ஆசைப்பட்டதற்குக் காரணம் நாலாம் வகுப்பு. மீன்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, உலகத்திலேயே பெரிய மீன் நம் கடலுக்கு வருகிறது என்று சொன்னேன். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, நாம் உழுவை என்கிறோமே அதுதான், ஆளைக் கடிக்காது என்றேன். முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை எழுந்தாள்.

"சார் கண்டிருக்கியளா?"

"இல்ல."

"எங்க அப்பா கண்டிருக்கு."

உடனே பல கைகள் உயர்ந்தன. எங்க மாமா கண்டிருக்கு, எங்க சித்தப்பா தொட்டிருக்கு. கடற்கரையில் பிறந்த நான் மட்டும் புத்தகத்தை மூடியபடி நின்றேன். அன்றைக்கு வந்த ரோஷம் லேசில் அடங்கவில்லை.

உழுவையை எங்கே பார்க்கலாம் என்று ஊரில் கேட்டால் ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். முட்டத்துக்கு நேரே உள்ள பாரில் என்றார் ஒருவர். வட்டக்கோட்டைக்குத் தெற்கே போனால் ஆடுமாடு மாதிரி மேயும் என்றார் இன்னொருவர். என் அக்காவின் கணவர், மச்சான், மரத்தின் பின்பக்கம் துடுப்புப் போடுகிறவர். அவர் சொன்னதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"வாத்தியாரே, அது தேடிப் போனா வராது. கடன்காரன் மாதிரி. நாம ஒளிஞ்சிருக்கும்போதான் வரும்."

அண்ணன் மட்டும் கொஞ்சம் யோசித்துச் சொன்னான். தண்ணீரில் கூனி என்னும் பொடி இறால் கலந்து சிவந்து கிடக்கும் இடத்துக்கு அது வரும், அதைத் தின்னத்தான் வாயைத் திறந்துகொண்டு அலையும் என்று.

முதல் தடவை போனபோது முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஆற்று வெள்ளம் கடலில் கலந்து, பார் இருந்த இடமெல்லாம் கஞ்சித்தண்ணீர் போலிருந்தது. மூழ்கினேன். நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை. காதில் ஆணி அடித்தது போல் வலி. இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன். அண்ணன் கயிற்றைச் சுருட்டிவிட்டுத் துடுப்பை எடுத்தான்.

இரண்டாம் தடவை தண்ணீர் தெளிவாக இருந்தது. கொழும்புக்குப் போய்வந்த ஒருவரிடம் நீர்க்கண்ணாடி ஒன்று வாங்கியிருந்தேன். மரச்சட்டத்தில் கண்ணாடிச் சில்லு பதித்து, சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டியது. அது ஒழுகியது. ஒரு கண்ணில் உப்புத்தண்ணீர் நிறைய, மறு கண்ணால் பந்துபோல் முள் விரித்த கறுப்பு முள்ளிகளையும் விரல்நீள மீன்களையும் பார்த்தேன். சிப்பி விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது.

"என்ன கண்ட?" என்றார் மச்சான்.

"சின்ன மீனு."

"அதத்தானலே ஒனக்க அம்மை தெனமும் சட்டியில வெச்சுத் தாறா? அதுக்கா இவ்வளவு தூரம் வந்த?"

அந்த இரண்டு தடவையும் கீழே போகும்போதெல்லாம் என் கவனம் மீனில் இல்லை, இடுப்பில்தான் இருந்தது. கயிறு விறைப்பாக இருக்கிறதா, தொய்கிறதா? விறைப்பாக இருக்கும்வரை மேலே ஆள் இருக்கிறான். தொய்ந்தால் உழுவை வந்துவிட்டது. பார்க்க வந்த பொருளுக்கே பயந்துகொண்டு மூழ்கினேன்.

மூன்றாம் தடவை, பாருக்குப் போகும் வழியில் அண்ணன் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தான். உள்ளங்கையில் சிவப்பாக ஏதோ துள்ளியது. கூனி. அவன் மச்சானைப் பார்த்தான். மச்சான் அன்று வேடிக்கை பேசவில்லை.

"இண்ணைக்கு வேண்டாம். திரும்பலாம்" என்றான் அண்ணன்.

"இதுக்குத்தான அண்ணே வந்தோம்?"

அவன் கயிற்றை என் இடுப்பில் கட்டினான். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். "சொன்னது ஓர்ம இருக்கா?" என்றான். இருக்கிறது என்றேன்.

பலமுறை மூழ்கியும் ஒன்றுமில்லை. கடைசி முறை என்று சொல்லிக்கொண்டு இறங்கினேன். பாரின் விளிம்பைக் கையால் பிடித்தபடி கிடந்தேன். கண்ணாடி அன்று ஒழுகவில்லை. திடீரென்று வெளிச்சம் குறைந்தது. மேகம் மறைக்கிறது என்று நினைத்தேன். என்னைச் சுற்றியிருந்த சிறுமீன்கள் அப்படியே பாறை இடுக்குக்குள் போயின. அப்புறம் இடுப்பில் இருந்த பிடி போயிற்று. கயிறு வளைவு வளைவாக என் தோள்மேல் இறங்கி வந்தது.

விட்டுவிட்டான்.

இதுதான் நடக்கும் என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். நானும் சரி என்றிருந்தேன். ஆனாலும் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான். அண்ணன் என்னை விட்டுவிட்டான்.

நிமிர்ந்து பார்த்தேன். எனக்கும் காற்றுக்கும் நடுவே அது போய்க்கொண்டிருந்தது. முதலில் வாய், கதவைத் திறந்து வைத்த மாதிரி. பிறகு விலாவில் புள்ளிகள், வரிசை வரிசையாக, முடிகிற வழியாக இல்லை. எங்கள் மரத்தைவிட நீளம். என் நெஞ்சு காற்றுக்குத் துடித்தது. மேலே போக வழியில்லை, தலைக்குமேல் முழுக்க அதன் வயிறு. அதன் பக்கச் சிறகு கயிற்றில் பட்டது. இடுப்பில் ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. பாறையிலிருந்து என் கை பிடுங்கிக்கொண்டது. ஒரு கணம் நான் அதன் பின்னாலேயே போனேன். பிறகு கயிறு அந்தச் சொரசொரத்த முதுகில் வழுக்கி விழுந்தது. வால் என்னைத் தாண்டி அசைந்து போனது. கை காலை உதறி மேலே வந்தேன்.

மச்சான் மரத்தின்மேல் கவிழ்ந்து படுத்திருந்தார். அண்ணன் தண்ணீரில் இருந்தான். என்னைத் தேடி அவன் எப்போது குதித்தான் என்று தெரியவில்லை. என் தலைமுடியைப் பிடித்து மரத்தோடு சேர்த்தான்.

"கண்டியாலே?" என்றார் மச்சான்.

ஆம் என்று தலையாட்டினேன். கரைக்குப் பாதித் தூரம் வந்த பிறகு அண்ணன்தான் கேட்டான், என் முகத்தைப் பார்க்காமல்.

"நீ மேல இருந்து, நான் கீழ கெடந்தா, விட்டிருப்பியா?"

யோசித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. "விட்டிருக்கமாட்டேன்" என்றேன்.

"அப்போ மூணு பேருக்கும் சேத்து ஒரே அடக்கப் பூசை" என்றார் மச்சான். "சாமியாருக்கும் சோலி மிச்சம்."

அண்ணன் சிரிக்கவில்லை. "இனி ஒன்ன மரத்துல ஏத்தமாட்டேன்" என்றான். அப்படியே செய்தான்.

கரையில் அம்மா மீன்கூடையோடு நின்றாள். அவள் முதலில் பார்த்தது என் இடுப்பை. கயிறு இழுத்த இடம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"கயித்த விட்டானா?"

"இல்லம்மா. இறுக்கிப் பிடிச்சதுல..." என்று நான் தொடங்கினேன்.

"விட்டேன்" என்றான் அண்ணன்.

அம்மா கூடையை மணலில் இறக்கி வைத்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான், கூனி கண்டதிலிருந்து. விறைப்பாகப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொன்னான். அவள் முழுதும் கேட்டாள். குனிந்து, தன் முந்தானையால் என் இடுப்பில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தாள்.

"நீ விட்டது சரிதான் மக்கா" என்றாள் அவனிடம். "ஆனா விட்டத எங்கிட்ட சொல்லியிருக்காண்டாம்."

கூடையைத் தலையில் தூக்கிவைத்துச் சந்தைக்கு நடந்தாள். அண்ணன் மரத்தடிகளைக் காயப்போட, கட்டுமரத்தின் கட்டுகளை அவிழ்க்கத் தொடங்கினான். நான் மறுபக்கம் போய் அவனோடு சேர்ந்து அவிழ்த்தேன்.