ரஸீன் நானாவும் ஒரு முழுப்பேரும்

பேராதனை வீதியில் பஸ் நகராமல் நின்றுகொண்டிருந்தபோது செல்வமணியின் அழைப்பு வந்தது. வழக்கமாக "அக்கா, சாப்டீங்களா?" என்று தொடங்குகிறவள், அன்று அதைக் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில், "நம்ம நானா போயிட்டாருங்க அக்கா" என்றாள். பக்கத்து ஆசனத்துப் பெண்மணி திரும்பிப் பார்க்குமளவுக்கு, "என்ன பேச்சு பேசுற நீ!" என்று அவளைத்தான் திட்டினேன். துக்கம் வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். ரஸீன் நானாவைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் என் குணமும் தெரியும்.

திகனயில் துணி வியாபாரம் செய்துவந்த, எங்களுக்கெல்லாம் அண்ணனான நானா, கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, கண்டியில் எங்கள் நிதியத்துக்குக் கள அலுவலராக வந்து சேர்ந்தார். வசதியற்ற மக்கள் ஒன்றுகூடித் தாங்களே நடத்தும் சிறு தொழில்களுக்கு மானியம் வழங்கும் சின்ன அலுவலகம் அது. நான் அங்கே மொழிபெயர்ப்பாளர். வந்த முதல் நாளே சண்டை. நான் எழுதிய அறிவித்தலைப் படித்துவிட்டு, "பயனாளி பயனாளின்டு போட்டீக்கிறீங்க. மாசக் கடைசீல சம்பளம் எடுக்கிறது நீங்களும் நானும். அப்ப யாரு தங்கச்சி பயனாளி?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "துணிக்கடைல இருந்து வந்து எனக்குத் தமிழ் சொல்லித் தர்றீங்களா?" என்றேன். "சட்டை அளவில்லாட்டி கடைக்காரன் செல்லத்தானே வேணும்" என்று சிரித்தார். அடுத்த அறிவித்தலில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன், அவரிடம் சொல்லாமல்.

கடுகண்ணாவையில் காது கேளாத பிள்ளைகள் நடத்தும் தையலகத்துக்கு ஒருமுறை நிதியத்திலிருந்து படம் பிடிக்க ஆள் அனுப்பியிருந்தார்கள். பணம் தரும் வெளிநாட்டாருக்குக் காட்டவாம். பிள்ளைகளின் தாய்மார் கண்கலங்க நின்றால் நன்றாயிருக்குமாம். நானா அந்தத் தாய்மாரை உள்ளே போய் முகம் கழுவிவரச் சொன்னார். "அழுகுறதப் பாத்து சல்லி குடுத்தா, சிரிக்கிற அண்டைக்கு நிப்பாட்டிருவாங்க" என்றார். பிள்ளைகள் தைத்த பாடசாலைச் சீருடைகளைத்தான் கடைசியில் படம் பிடித்தார்கள்.

ஆனால் நானா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது செல்வமணியின் நேர்முகம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து அவளும் அவளுடைய கூட்டாளிகளும் வந்திருந்தார்கள். கொழுந்து பறித்துப் பறித்துக் கையும் முழங்காலும் போன பெண்கள். டவுனில் ஓர் அறை எடுத்து, கடைகளுக்கும் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கும் சோற்றுப் பார்சல் செய்துகொடுக்க மானியம் கேட்டிருந்தார்கள். கிடைக்காவிட்டால் அந்தக் கையோடும் காலோடும் மறுபடி மலையேற வேண்டியதுதான். கொழும்பிலிருந்து வந்திருந்த தெரிவுக்குழுத் தலைவி சிங்களத்தில் கேட்டதை, "உங்க முழுப்பேரச் சொல்லுங்க" என்று நான் மொழிபெயர்த்தேன். செல்வமணி தலையைக் குனிந்துகொண்டாள். "முழுப்பேரு எங்கங்க கெடைக்குது? கை நோவு வந்த பொறகு அரைப்பேருதான்" என்றாள்.

அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன். அறையில் ஒரே சிரிப்பு. தன் பெயரையே பாதிதான் தெரிந்தவர் எப்படிக் கடை நடத்துவார் என்று ஒருவர் கேட்டார். எனக்கும் சட்டென்று விளங்கவில்லை. நான் டவுனில் கடைக்காரர் வீட்டில் வளர்ந்தவள். நானா எழுந்து நின்றார். சிங்களத்தில் தொடங்கியவர் கோபத்தில் தமிழுக்குத் தாவிவிட்டார். நான் பின்னாலேயே ஓடி ஓடி மொழிபெயர்த்தேன். "தோட்டத்தில பேர் என்டா ஒரு நாள் சம்பளம். கொழுந்து நிறை கொறஞ்சா பாதிதான் போடுவாங்க. அது அரைப்பேர். நாம பேரக் கேட்டோம், அவங்க அவங்கட கஷ்டப்பாட்டைச் செல்லீக்கிறாங்க. சிரிக்கிறதுக்கு இதுல ஒண்டுமில்ல." சம்பள நாட்களில் லயம் லயமாகத் துணிமூட்டை சுமந்து திரிந்த மனிதர் அல்லவா!

தலைவி நல்ல பெண்மணி. சிரிப்பு அடங்கியதும் செல்வமணியைப் பார்த்து, "உங்கள் சமையலறையில் எல்லோருக்கும் முழுப்பேர் போடுவீர்களா?" என்று கேட்டார். "போடுவோங்க. நோவுல குந்திட்டாலும் போடுவோம்." அப்படியென்றால் நட்டம் வருமே, பிறகு மானியத்தால் என்ன பிரயோசனம் என்று தலைவி கவலைப்பட்டார். நியாயமான கேள்விதான். செல்வமணி என்னைப் பார்த்தாள், நான் நானாவைப் பார்த்தேன். "லாபம் மட்டும் பாக்கிறதென்டா அதுக்கு பேங்க் ஈக்கி மேடம். நாம என்னத்துக்கு ஈக்கிறோம்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். மானியம் கிடைத்தது. அன்று பின்னேரம் தேத்தண்ணிக் கடையில், "ஒங்கட தமிழ் டவுன் தமிழ், தங்கச்சி" என்று என்னைச் சீண்டி எடுத்துவிட்டார்.

ஜனாஸா நல்லடக்கத்தன்று நான் திகனக்குப் போய்ச் சேரும்போது செல்வமணியும் மற்றப் பெண்களும் எனக்கு முன்பே வந்து, உள்ளறையில் நானாவின் மனைவியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களோட சண்ட புடிச்சத ஊட்ட வந்து செல்லிச் செல்லி சிரிப்பாரு" என்றார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை, வாய்விட்டு அழுதேன். வெளியே வந்ததும் செல்வமணியிடம், சமையலைப் பூட்டிவிட்டு எல்லோரும் வந்துவிட்டீர்களே, நாளைய கணக்கு உதைக்காதா என்று கேட்டேன். "உதைக்கட்டும் அக்கா. எல்லாருக்கும் இன்னைக்கு முழுப்பேரு போட்டுட்டேன்" என்றாள்.

போன கிழமை மறுபடி ஒரு நேர்முகம். தேன் எடுக்கும் குழுவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். உங்கள் தொழிலுக்குள்ள ஆபத்துகள் என்ன என்று நான் மொழிபெயர்த்துக் கேட்டதும், சிறுத்தை நடமாட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்லத் தொடங்கினார். மேசையைச் சுற்றிச் சிரிப்புக் கிளம்பியது. "கொஞ்சம் பொறுங்க, நான் கேட்ட விதந்தான் பிழை" என்று கையைத் தூக்கினேன். யாவாரம் எதனால் படுத்துவிடும் என்று பயப்படுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். மழையையும் போத்தல் விலையையும் பற்றி அவர் தெளிவாகச் சொல்லி முடித்தார். சிரிப்பு எழும் இடத்தில் கேள்வியைத் திருப்பிக் கேட்கும் இந்தப் பழக்கம்தான் நானாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது. இனி யார் டவுன் தமிழ் என்று சொல்கிறார்கள் பார்ப்போம் என்று பெருமையோடு நானா வழக்கமாக உட்காரும் பக்கத்துக் கதிரைப் பக்கம் திரும்பினேன். அங்கே புதிதாக வந்த அலுவலர் உட்கார்ந்திருந்தார். என்ன வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார்.