குந்தக் கூடாது

பேக்கிங் அக்கா டிபன் பாக்ஸை இடக்கையில் ஏந்தி, சுவரில் தோளைச் சாய்த்து, நின்றபடியே சாப்பிட்டதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தண்டையார்பேட்டையில் போல்ட், நட்டு செய்யும் பட்டறை. டிப்ளமோ முடித்த கையோடு தரப் பரிசோதனைக்குச் சேர்ந்திருந்தேன். நான் அளந்து தள்ளுவதை எண்ணிப் பெட்டியில் அடுக்குவது அக்காவின் வேலை. முட்டி வலிக்கு ராயபுரத்தில் எலும்பு டாக்டரைப் பார்க்க அவர் கிளம்பியபோது, சொல்லவேண்டியவற்றை நான்தான் எழுதிக் கொடுத்தேன்: எந்த முட்டி, எத்தனை மாதமாக, படி ஏறும்போதா இறங்கும்போதா, காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு. ஒன்பது வரிகள். டாக்டர் சொல்வதை எழுதி வாங்க ஒரு வரிகூட விடவில்லை.

அதன்பின் மூன்று வாரம் அக்கா உட்காரவே இல்லை. பஸ்ஸில் இடம் இருந்தும் டோல்கேட் வரை நின்றே வந்தார். சூப்பர்வைசர் அவருடைய ஸ்டூலைத் தூக்கி வேறு பிரிவுக்குக் கொடுத்துவிட்டார். முட்டி இரண்டும் வீங்கின. வீக்கம் முற்றி ஆபரேஷன் என்று ஆகிவிட்டால் மாதக்கணக்கில் படுக்கை. திரும்பி வரும்போது அந்த மேசையில் வேறு ஆள் இருப்பார். அது அக்காவுக்கும் தெரியும்.

"டாக்டர் என்னதான்க்கா சொன்னாரு?"

"குந்தவே கூடாதுன்டாரு கண்ணு."

அடுத்த முறை நானும் போனேன். டாக்டர் தெற்கத்திக்காரர். வீக்கத்தைப் பார்த்ததும் கோபப்பட்டார். "நாள் பூரா நின்னா எப்படிம்மா சரியாகும்?"

"நீதானே சார் குந்தாதன்னே?"

"குந்துறதுன்னா இப்படிம்மா" என்று நாற்காலியை விட்டு எழுந்து, தரையில் குத்தவைத்துக் காட்டினார். "உங்க பாஷையில சொன்னா புரியும்னு நெனச்சேன்."

"அய்ய, அது குத்துக்காலு! இம்மாந்நேரம் நீ சேர்ல குந்திகினு இருந்தியே, அதான் குந்துறது."

டாக்டர் சிரித்தார். "சரியாக் கேட்டுக்கிட்டுப் போயிருக்கணும்மா."

அக்கா சிரிக்கவில்லை. "நான் சரியாத்தான் கேட்டேன். எம் பாஷைய எடுத்து என்னான்டயே தப்பா பேசினது நீ. பேஜாரானது எம் முட்டி."

நான் அவர் முழங்கையைப் பிடித்து அடக்கப் பார்த்தேன். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நானும் பேசி வளர்ந்த அந்தப் பேச்சை நாக்கிலிருந்து துடைத்துப் போட்டவள் நான். யாராவது சிரித்தால் எங்கள் பக்கம்தான் தப்பு என்று எடுத்துக்கொள்ளப் பழகியிருந்தேன். அக்கா என் கையை உதறினார். "குந்திகினுதான் வேலை செய்யணும்னு எய்திக் குடு சார்."

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். எழுதினார்.

மறுநாள் சூப்பர்வைசர் சீட்டைப் படித்துவிட்டு, "ஸ்டூல் ஏதுக்கா இப்ப? அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றார். அக்கா நொண்டிக்கொண்டே முதலாளி அறைக்குள் போனார். வருகிறவர்களுக்காகப் போட்டிருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றை, தரை கிறீச்சிட, பேக்கிங் மேசை வரை இழுத்து வந்தார்.

"யாரக் கேட்டு எடுத்தே?" என்றார் பின்னாலேயே வந்த முதலாளி.

"எம் முட்டியக் கேட்டு."

நான் வேலை மாறிவிட்டேன். அக்கா அங்கேயேதான் குந்திகினு இருக்கிறார். முதலாளியைப் பார்க்க இருவர் சேர்ந்து வந்தால், ஒருவர் நிற்கிறார்.